மேல்வலிக்கு ஒரு செட்டு

ஜூன் 9, திங்கள்

எங்கள் தெருவின் சகல பெரியோர்களுக்கும் கனத்த இதயத்துடன் தெரிவித்துக்கொள்வது: எங்கள் வீட்டு இட்லிச் சட்டி மூடியின் கைப்பிடி இன்று காலை கொதிக்கிற சாம்பாருக்குள் தலைகுப்புறப் பாய்ந்து காலமானது. வயது பதினொன்று. அன்னாருக்கு ஒரு மூடியும் இரண்டு திருகாணிகளும் உள்ளன. ஒரு திருகாணியை இன்னும் காணவில்லை. சாம்பார் சாப்பிட்டவர்கள் நாளை காலைக்குள் தகவல் தெரிவிக்கவும்.

'கனத்த இதயம்' என்று எழுதியதை அம்மா பார்த்தால் தோசைக்கரண்டி பறந்து வரும். பிப்ரவரியிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. அம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில், இதயக் குழாய் அடைக்காமல் இருக்க, ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டரம்மா சொன்னதை நான் 'ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டன்ட் செய்யக் கூடாது' என்று சுருக்கி வைத்திருக்கிறேன். உண்மையில் அவர் சொன்னது: இதயம் பம்பு அடிக்கிற வேகம் கொஞ்சம் கம்மி, உப்பு குறைக்கணும், தண்ணி அளந்து குடிக்கணும், மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது.

அம்மா பெயர் மரிய செல்வி. விடிகாலையில் எங்கள் வீட்டு வாசலில் இடியாப்பம் விற்கிறாள். தூத்துக்குடியில் எத்தனையோ பேர் இடியாப்பம் விற்கிறார்கள், அம்மாவுடையதுதான் நூல். மற்றவர்களுடையது கயிறு. ஆனால் அச்சை அழுத்தி அழுத்தி அவளுக்கு வலது தோளில் வலி. ஒரு மாதமாக.

இன்று சாயங்காலம் கூப்பிட்டாள்.

"லே ரெக்ஸா, தர்மர் அண்ணாச்சி மெடிக்கல்ல போயி மேல்வலிக்கு ஒரு செட்டு வாங்கிட்டு வா."

"யாருக்கும்மா?"

"கேட்டா அப்பாவுக்குன்னு சொல்லு."

"அப்பா லாரியோட ஓசூர்லலா இருக்காவ?"

"அவிய ஓசூர்ல இருந்தா மேலு வலிக்காதா? போலே."

பள்ளிக்கூடத்தில் செட்டு என்றால் கூட்டாளிகள். மெடிக்கலில் செட்டு என்றால் மாத்திரைக் கூட்டாளிகள். சீட்டு வேண்டாம், பெயர் வேண்டாம். 'காய்ச்சலுக்கு ஒரு செட்டு', 'மேல்வலிக்கு ஒரு செட்டு' என்றால் போதும். அண்ணாச்சி நாலைந்து டப்பாவுக்குள் கைவிட்டு, நிறத்துக்கு ஒன்றாக எடுத்து, பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவார். தெரு முழுக்க இப்படித்தான்.

ஜூன் 10, செவ்வாய்

இயற்பியல் வகுப்பில் அலமாரிக்குள் பூனை கத்தியது. சார் இருபது நிமிடம் பூனையைத் தேடினார். பூனை என் பழைய போன். மியாவ்.

ஜூன் 12, வியாழன்

இரண்டாவது செட்டும் வாங்கியாயிற்று. சிவப்பு நீளம், மஞ்சள் வட்டம், ஒரு குட்டி ரோஸ்.

"யாருக்குலே?" அண்ணாச்சி பேப்பரைக் கிழித்துக்கொண்டே கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பாவுக்கு அண்ணாச்சி. ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு..."

"சரி சரி. சாப்பாட்டுக்குப் பொறவு."

பொய் சொல்வதில் எனக்கு மாவட்ட அளவில் பரிசு கொடுக்கலாம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அம்மா கையைச் சுழற்றிக் காண்பித்தாள், கிரிக்கெட்டில் பந்து போடுகிறவனைப் போல. "வலி போன எடம் தெரியலலே!" என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் பாட்டுப் பாடிக்கொண்டே மாவு பிசைந்தாள். எனக்கும் சந்தோஷம்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் படி இறங்கும்போது அம்மா மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். இறங்குவதற்கே மூச்சு வாங்குகிறது! "என்னம்மா, இறக்கத்துல எஞ்சின் சூடாகுது?" என்று கேட்டேன். முறைத்தாள்.

கால் ரெண்டும் பன்னு மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றியும் வார் பதிந்த தடம் போகவில்லை. "பேக்கரி வைக்கலாம்மா" என்றேன். பக்கத்து வீட்டுப் பிலோ சித்தி, "வெயிலு அப்படி. எனக்கும்தான் வீங்குது" என்றாள். வீட்டுக்கு வந்ததும் தன் மூட்டுவலி மாத்திரையில் ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து அம்மா உள்ளங்கையில் வைத்தாள். "இதப் போட்டுப் பாரு செல்வி. பட்டுனு கேக்கும். எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததுதான்."

உனக்கு எழுதிக் கொடுத்தது அம்மாவுக்கு எப்படிச் சித்தி கேட்கும்? உன் கண்ணாடியைக் கொடு, அம்மா மாட்டிக்கொள்ளட்டும். உன் பல்செட்டையும் கொடு. இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சித்தி வீட்டில் முறுக்கு சுட்டிருந்தார்கள்.

மூன்றாவது செட்டும் நேற்று வாங்கியாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தப் பேனா உடையும்.

இன்று ஆஸ்பத்திரியில் மாதாந்திரச் செக்கப். அப்பா இல்லாததால் நான் லீவு போட்டுக் கூடப் போனேன். டாக்டரம்மா எடைச் சீட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஒரு மாசத்துல நாலு கிலோ. என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். அரை வயித்துக்குத்தான்."

டாக்டரம்மா குனிந்து அம்மாவின் கணுக்கால் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. மேலே எழும்பி வரலாமா வேண்டாமா என்று அந்தக் குழி யோசித்தது. பேக்கரி என்று சொன்ன என் வாயில் அப்போதே யாராவது நெருப்பை வைத்திருக்கலாம்.

"பிரஷரும் ஏறியிருக்கு. வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"கடையில வாங்கி?"

"இல்ல."

"ஊசி?"

"மாதா மேல சத்தியமா இல்ல டாக்டர்."

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூன்று சுற்றுச் சுற்றியது. எனக்குப் பொய் பிடிக்கும். ஆனால் அந்தக் குழி இன்னும் முழுதாக மூடவில்லை.

"மூணு செட்டு டாக்டர்" என்றேன். "நான்தான் வாங்கிட்டு வந்தேன். அது போகப் பக்கத்து வீட்டு மாத்திரை ஒண்ணு."

அம்மா என் தொடையைக் கிள்ளிய இடம் இப்போதும் நீலம்.

"என்ன மாத்திரை? பேரு?"

"சிவப்பு, மஞ்சள், ரோஸ்."

"மாத்திரைப் பேரைக் கேட்டா ரங்கோலிப் பொடி மாதிரி சொல்றே!" டாக்டரம்மா பேனாவை மேஜையில் போட்டார். அம்மா பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். இந்த வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை உடம்பில் உப்பையும் தண்ணீரையும் போகவிடாமல் பிடித்து வைக்குமாம். அவ்வளவு தண்ணீரையும் சேர்த்துத் தள்ளவேண்டியது ஏற்கெனவே களைத்துப்போன இதயம். பிரஷர் ஏறும், கிட்னி கெடும். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு வரலாம். மாரடைப்பு வருகிற வாய்ப்பும் கூடும்.

"அப்போ வலிய வச்சுக்கிட்டே சாகணுமா டாக்டர்?" அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது.

"தாங்கிக்கோங்கன்னு நான் எப்பம்மா சொன்னேன்? கேட்டுட்டுப் போடுங்கன்னு சொல்றேன். வலிக்கு வழி இருக்கு."

பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். எத்தனை மணிக்கு ஒன்று, ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் கூடாது என்று சீட்டில் வட்டம் போட்டார். தண்ணீரில் நுரைத்துக் கரைகிற வகை வேண்டாம், அதில் உப்பு அதிகமாம். வெந்நீர் ஒத்தடம். தோளுக்குப் பயிற்சி சொல்லித்தர கீழ்மாடிக்குப் போகவேண்டும். பூசுகிற மருந்தானாலும் கேட்டுத்தான் பூச வேண்டும். கால் வீக்கம் வற்ற ஒரு மாத்திரை. ரெண்டு வாரம் அச்சைத் தொடக் கூடாது. "நெஞ்சுலயோ தாடையிலயோ இடது கையிலயோ வலி வந்துச்சுன்னா மாத்திரை தேடாதீங்க. நேரா இங்க வாங்க."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலாவது நிறுத்தத்தில் வாயைத் திறந்தாள்.

"யூதாசு."

"அம்மா..."

"பேசாத. யூதாசாவது முத்தம் குடுத்துட்டுக் காட்டிக்குடுத்தான்."

எனக்கு அவள்மேல் கோபம். அண்ணாச்சிமேல் கோபம். பிலோ சித்திமேல் கோபம். முறுக்குமேல்கூடக் கோபம்.

ஜூன் 18, புதன்

இன்று வரலாறு படைத்தேன். வருங்காலச் சந்ததி இந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கவும்.

முதல் போர்: தர்மர் அண்ணாச்சி மெடிக்கல். கடையில் கூட்டம். நான் நேராக முன்னால் போய் நின்று கர்ஜித்தேன். "அண்ணாச்சி! உம்ம பேரு தர்மர், நீரு குடுக்கதோ அதர்மம்! ஆளு யாரு, என்ன நோயின்னு கேக்காம மாத்திரையைக் கடலைமிட்டாய் மாதிரி அள்ளிக் குடுக்கீரே, எங்க அம்மாவுக்கு ஏதாவது ஆச்சு, கடை ஷட்டர் தெறிக்கும்!" அண்ணாச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். ஒரு பாட்டையா கைதட்டினார்.

இரண்டாம் போர்: வீட்டுக்குள். அம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டை கொடுத்ததும் எல்லாவற்றையும் பிதுக்கிப் பழைய பேரீச்சம்பழ டப்பாவில் ஒன்றாகப் போட்டுவிடுவாள். கேட்டால், "அட்டையோட வச்சா இடியாப்பம் வாங்க வாரவளுவ எல்லாம் இது எதுக்கு, அது எதுக்குன்னு கேப்பாளுவ. நான் நோயாளின்னு தெருவுக்கே தெரியணுமா?" என்பாள். காலி அட்டைகளை மட்டும் அடுத்த மாதம் காட்டுவதற்காகப் பையில் வைத்திருப்பாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவைக் கவிழ்த்து, அட்டைகளோடு ஒப்பிட்டு, போனில் ஒவ்வொன்றாகத் தேடினேன்.

செட்டில் மிஞ்சியிருந்த சிவப்பு ஒன்று, மஞ்சள் ரெண்டு: சாக்கடையில்.

அப்போதுதான் பிடித்தேன் ஒற்றனை. ஆஸ்பத்திரி அட்டையிலேயே, சின்ன எழுத்தில்: ஆஸ்பிரின். எனக்கு ஆஸ்பிரினைத் தெரியாதா? தலைவலிக்குக் கரைத்துக் குடிக்கிற ஆள். போனும் அதையே சொன்னது: வலி, காய்ச்சல், வீக்கத்துக்கான மருந்து. டாக்டரம்மா எந்தக் கூட்டம் கூடாது என்றாரோ அந்தக் கூட்டத்திலேயே பிறந்தவன். அவர் கண்ணில் படாமல் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறான்! கீழே இன்னும் ஏழெட்டுப் பத்தி ஆங்கிலத்தில் இருந்தது. யார் படிப்பது. குட்டி வெள்ளைகள் அத்தனையும்: சாக்கடையில்.

ஆனால் அம்மா காலையில் எண்ணித்தான் விழுங்குவாள். ஒன்று குறைந்தால் வீடு ரெண்டாகும். பிலோ சித்தி வீட்டுச் சித்தப்பா சுகர்காரர். காபிக்குச் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு டப்பாவை அமுக்குவார், டிக் என்று குட்டி வெள்ளை மாத்திரை விழும். கிட்டத்தட்ட அதே அளவு. அவர்கள் வீட்டில் நாலு முறுக்கு தின்கிற நேரத்தில் முப்பது டிக். இனிப்பு மாத்திரைகள் பேரீச்சம்பழ டப்பாவில் குடியேறின.

பூனையெல்லாம் குழந்தை விளையாட்டு. இதுதான் என் வாழ்நாள் சாதனை. யாரிடமும் சொல்ல முடியாததுதான் ஒரே வருத்தம்.

ஜூன் 20, வெள்ளி

அம்மா ரெண்டு நாளாக நான் வைத்த இனிப்பைச் சேர்த்துத்தான் விழுங்குகிறாள். ஒரு வாய்த் தண்ணீர், ஒரே மடக்கு. தெரியவே இல்லை!

கால் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் இன்று விடிகாலையில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால் அச்சை அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

"டாக்டர் தொடாதன்னாவளா இல்லையா?"

"ரெண்டு வாரம் வாசல் அடைச்சுக் கெடந்தா வாடிக்கை எல்லாம் அடுத்த தெருவுக்குப் போயிரும். நீ போயி பிழிஞ்சு குடுப்பியா?"

சாயங்காலம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாராசிட்டமால் பாதி வலியைத்தான் எடுக்கிறதாம். "ஒரே ஒரு செட்டு மட்டும் வாங்கிட்டு வாலே" என்றாள். நான் கத்தினேன். ரொம்பக் கத்தினேன். சாகணும்னு ஆசையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் கத்தவில்லை. "பிப்ரவரிலருந்து நான் வலிக்குன்னு சொன்னா எல்லாரும் என் நெஞ்சத்தான் பாக்கீங்க. ஈசிஜி எடுங்காவ. நல்லா இருக்குன்னதும் உடனே ஏசுதாவ. உங்க அப்பா போன்லயே அழுதுருதாவ. நீ ஸ்டென்ட்டு ராணின்னு சிரிக்க. எனக்குத் தோளு வலிக்குலே. வெறும் தோளு. அதக் கேக்க ஆளு இல்ல. அண்ணாச்சிதான் ஒண்ணும் கேக்காமக் குடுத்தாரு" என்றாள்.

கதவை அறைந்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் பூசைக்குக் கிளம்பும்போது அம்மா தரையில் உட்கார்ந்தாள். வியர்வை. முகம் சாம்பல். தாடையைப் பிடித்துக்கொண்டாள். தோளை இல்லை, தாடையை.

நான், "பல்லு வலியாம்மா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சித்தப்பா ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு. பிலோ சித்தி வழியெல்லாம் ஜெபமாலை சொன்னாள். நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது பச்சைத்தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. என் கையும் அப்படித்தான்.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஊசி, ஆக்ஸிஜன், வயர்கள். சாயங்காலம் வலி குறைந்து தூங்கினாள். ஈசிஜியில் மாற்றம் இருக்கிறதாம். அப்பா லாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு பஸ் பிடித்து வந்துகொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நம் டாக்டரம்மா இல்லை. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

டப்பாவைக் கொண்டுபோக வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

டாக்டரம்மா டப்பாவைக் காகிதத்தில் கவிழ்த்தார். குட்டி வெள்ளையை எடுத்து உற்றுப் பார்த்தார். "இது எங்க மாத்திரை இல்லையே. இதை யாரு குடுத்தது?"

"அண்ணாச்சி கடையிலதான் ஏதாவது மாத்திக் குடுத்திருப்பான்" என்றாள் பிலோ சித்தி.

அப்பா எழுந்து போனார். நேராக அண்ணாச்சி கடைக்கு. தெருவே கூடிவிட்டதாம். சட்டையைப் பிடித்துவிட்டாராம்.

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

வார்டில். அம்மா கட்டிலில், அப்பா ஸ்டூலில், டாக்டரம்மா நின்றுகொண்டு. அப்பா அண்ணாச்சி மேல் போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். டாக்டரம்மாவும் எழுதுங்கள் என்றார். எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

"அது காபிக்குப் போடுற இனிப்பு" என்றேன். "நான்தான் மாத்துனேன்."

யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். ஆஸ்பிரின் வலி மாத்திரைக் கூட்டம்தானே, நீங்கள்தானே கூடாது என்றீர்கள், அதனால் எறிந்துவிட்டேன் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

டாக்டரம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வலிக்குப் போடற அளவு வேற, இந்தக் குட்டி அளவு வேற. இது ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் கட்டிக்காம இருக்க. நான் சொல்லாம இதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாதுன்னு பிப்ரவரியிலயே சொன்னேன். நீயும் பக்கத்துல இருந்தே."

இருந்தேன். கேம் ஆடிக்கொண்டிருந்தேன்.

"அதனாலதான் வலி வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது." கிளம்பினவர் திரும்பி வந்தார். "அந்தக் கடைக்காரர் யாருக்குன்னு கேக்காம மாத்திரை குடுத்தாரு. நீ யாரையும் கேக்காம மாத்திரை எடுத்தே. அவரை மட்டும் எதுக்குத் திட்டறீங்க?"

அப்பா கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அடித்திருக்கலாம். நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

அம்மாதான் பேசினாள். குரல் கம்மியாக வந்தது. "லே, நாலு நாளா காலையில இனிப்பையா முழுங்குனேன்? காபியில போட்டுக் குடுத்திருந்தா ருசியாவது தெரிஞ்சிருக்கும்லா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கு வலிக்கும்போது நான் ஒரு தப்பு பண்ணுனேன். உனக்கு என்னலே வலிச்சுது?" என்றாள் சுவரிடம்.

கோபம்தான் வலித்தது. அதற்கு எந்தக் கடையிலும் செட்டு இல்லை.

ஜூன் 25, புதன்

நல்ல செய்தி: ரத்தக்குழாய் படத்தில் ஸ்டென்ட் அடைக்கவில்லை. மாத்திரையும் கவனிப்பும் போதுமாம். நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம்.

அப்பாவும் நானும் அண்ணாச்சி கடைக்குப் போனோம். அப்பா எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அண்ணாச்சி சட்டையில் ரெண்டு பொத்தான் இல்லை.

"நான் குடுத்த மாத்திரைக்கு என்னை ஏசியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன் சேசுராசு" என்றார் அப்பாவிடம். "குடுக்காத மாத்திரைக்குச் சட்டை கிழிஞ்சுதே, அதுதான் ஆறல." என் பக்கம் திரும்பினார். "ஏம்லே, உங்க அம்மாவுக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நீங்க ஒரு தடவ நிமிந்து பாத்துக் கேட்டிருக்கப்பிடாதா அண்ணாச்சி?"

"கேட்டா அடுத்த கடைக்குப் போயிருவீங்க."

அப்பா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், போதும் என்று. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அக்கா, "அண்ணாச்சி, இடுப்புவலிக்கு ஒரு செட்டு" என்றாள். அண்ணாச்சி டப்பாவுக்குள் கையை விட்டார். எங்களைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தார். "யாருக்கும்மா? நெஞ்சு, பிரஷரு, கிட்னின்னு ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் உமக்கு எதுக்கு?" என்றாள் அந்த அக்கா. கோபமாகக் கிளம்பிப் போயேவிட்டாள். அடுத்த கடைக்கு.

அண்ணாச்சி எங்களைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

ஜூன் 30, திங்கள்

அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். மாத்திரைகள் இனி அட்டையோடுதான், அலமாரியில், தெருவே பார்க்கிற மாதிரி. கேட்கிறவர்களுக்கு எல்லாம் அவளே விளக்கம் சொல்கிறாள். இன்று காலை ஒரு வாடிக்கைக்காரம்மாவுக்கு ஆஸ்பிரின் பற்றிக் கால் மணி நேர வகுப்பு. இடையிடையே என்னைக் கைகாட்டி.

இடியாப்ப வாசலும் அடைக்கவில்லை. ஏனென்றால் வியாழக்கிழமையிலிருந்து பிழிவது யார்? அடியேன்! ஒரு நாளைக்கு நூறு இடியாப்பம். நூல் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால். வரிசையில் நின்றவர்கள் 'செல்வி மகன் செல்வியையே மிஞ்சிட்டான்' என்றார்கள். துறைமுகத்திலிருந்து ஏற்றுமதிக்கு ஆர்டர் வரலாம்.

சரி. அம்மா இதைப் படிக்க மாட்டாள் என்றாலும் எழுதிவிடுகிறேன்.

பிழிவது அப்பா. லாரிக்கு லீவு சொல்லிவிட்டார். நான் பிழிந்தது மொத்தம் பதினாலு. அதில் ஒன்பது வெந்ததும் உருண்டையாகிவிட்டது, பிலோ சித்தி கொழுக்கட்டை என்று நினைத்து வாங்கிப்போனாள். வெள்ளிக்கிழமையே எனக்கு வலது தோளில் வலி தொடங்கிவிட்டது. சட்டை மாட்டக் கை தூக்க முடியவில்லை. பதினாலு இடியாப்பத்துக்கு! அவள் எத்தனை வருஷம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நேற்று மத்தியானம் என் கால் தானாக அண்ணாச்சி கடைக்குப் போனது. "என்னலே வேணும்?" என்றார். "செ..." வரை வந்துவிட்டது. "செல்லோடேப்" என்று சொல்லி முடித்தேன். அதை வாங்கிக்கொண்டு வந்தேன். எதை ஒட்டுவதென்று தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் பதினெட்டாம் தேதி கர்ஜித்ததாக எழுதியிருக்கிறேன் இல்லையா. அன்றைக்கு நான் கடைக்கு எதிர்ப்புறம் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்று, அவருக்குக் கேட்காத தூரத்தில், அதை எல்லாம் முணுமுணுத்தேன். கைதட்டிய பாட்டையா கொசு அடித்தார்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, தோளு வலிக்கும்மா" என்றேன். இந்த மூன்று சொல்லைச் சொல்ல இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை. "எந்தத் தோளு? எப்பத்துலருந்து? தூக்கும்போதா, சும்மா இருக்கும்போதுமா?" என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள். பிறகு வெந்நீர் வைக்க எழப்போனாள். நான்தான் வேண்டாம் என்று அவளை உட்காரவைத்துவிட்டு, நானே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இடது கையால்.